மிஸ்டர் டூலியின் மதுக்கடை: பத்தி எழுத வரும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

இதழியல் பயிலும் மாணவர்களுக்கும், நாளிதழிலும் வார இதழிலும் பத்தி எழுதத் தொடங்கியிருக்கும் இளையோருக்கும்,

1893ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், ‘சிகாகோ ஈவினிங் போஸ்ட்’ என்ற மாலை நாளிதழில் ஒரு மதுக்கடைக்காரர் பேசத் தொடங்கினார். பெயர் மார்ட்டின் டூலி. அறுபதைக் கடந்தவர், மணமாகாதவர். அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியிலிருந்து இளவயதில் கப்பலேறி அமெரிக்கா வந்தவர். கூலி வேலை செய்து, வண்டி ஓட்டி, கட்சிக்கு ஓட்டுச் சேகரித்து, கடைசியில் சிகாகோவின் ஆர்ச்சர் அவென்யூவில் சிறிய மதுக்கடை ஒன்றை நடத்தியவர். இப்படி ஒருவர் உயிரோடு இருந்ததில்லை. அவரைப் படைத்தவர் அந்த இதழில் தலையங்கம் எழுதிவந்த 26 வயது இளைஞர் ஃபின்லி பீட்டர் டன். அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டூலியின் வாய்மொழியாக 700க்கும் மேற்பட்ட பத்திகளை டன் எழுதினார். மனித இயல்பையும் சமூகத்தையும் சிரிப்பின் வழியாக ஆராய்ந்த நாளிதழ் எழுத்துகளில் அவற்றுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

பத்தி என்பது ஒரு நாள் ஆயுளோடு பிறக்கும் எழுத்து. அப்படியிருந்தும் டூலியின் பேச்சு 130 ஆண்டுகள் கழித்தும் படிக்கப்படுகிறது. அதற்குக் காரணம் டன்னின் நகைச்சுவைத் திறமை மட்டும்தான் என்றால் மற்றவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. ஆனால் டூலி எப்படி உருவானார், யாரைப் பற்றிப் பேசினார், யாருக்காகப் பேசினார், எங்கே சறுக்கினார் என்பதையெல்லாம் வரிசையாகப் பார்த்தால், கற்றுக்கொள்ளத்தக்க ஒரு முறை தெரிகிறது. ஒரு தெருவையும் அதில் வாழும் மனிதர்களையும் முழுமையாக அறிந்த பிறகே மனித குலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அந்த முறை.

டன் 1867இல் சிகாகோவில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். பள்ளியில் பேர் சொல்லும்படி படிக்கவில்லை. 1884இல் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு செய்தித்தாள் வேலையில் சேர்ந்தார். காவல் நிலையச் செய்தி, பேஸ்பால் ஆட்டம், கட்சி மாநாடு என்று எல்லா வகைச் செய்தியும் எழுதினார். 21 வயதிலேயே ‘சிகாகோ டைம்ஸ்’ இதழில் நகரச் செய்தி ஆசிரியர் ஆனார். டூலி பேச ஆரம்பித்தபோது டன்னுக்கு ஒன்பது ஆண்டு நிருபர் அனுபவம் இருந்தது. எந்த வார்டில் யார் காசு வாங்குகிறார், எந்தத் தெருவில் தீப்பிடித்தால் முதலில் ஓடிவருபவர் யார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் செய்தி தேடி அலைந்தே அவருக்குத் தெரிந்திருந்தன. பத்தி எழுத விரும்புவோர் பலர் கருத்திலிருந்து தொடங்குகிறார்கள். டன் தகவலிலிருந்து தொடங்கினார். டூலியின் ஒவ்வொரு நையாண்டிக்குப் பின்னாலும் சரிபார்த்த செய்தி ஒன்று நிற்பது இதனால்தான்.

டூலிக்கு முன்பே டன் ஒரு பாத்திரத்தைப் படைத்துப் பார்த்தார். நகரின் நடுவில், டியர்பார்ன் தெருவில், ஜேம்ஸ் மெகாரி என்பவர் நடத்திய மதுக்கடைக்குப் பத்திரிகைக்காரர்களும் அரசியல்வாதிகளும் வருவது வழக்கம். மெகாரியின் பேச்சை அடியொற்றி ‘கர்னல் மெக்நீரி’ என்ற பாத்திரத்தை டன் 1892இல் எழுதத் தொடங்கினார். பத்தி புகழ் பெற்றது. ஊரார் மெகாரியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் மனம் புண்பட்டார். அதனால் டன் மெக்நீரியை அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பிவிட்டுப் புதிய ஒருவரைத் தேடினார். அந்தத் தேடல்தான் அவரை நகர நடுவிலிருந்து பிரிட்ஜ்போர்ட் என்ற உழைப்பாளர் பகுதிக்குக் கொண்டுபோனது.

இந்த இடமாற்றம் வெறும் பெயர் மாற்றமாக முடியவில்லை. மெகாரியின் கடையில் கூடியவர்கள் செய்தியை உண்டாக்குபவர்கள். டூலியின் கடையில் கூடியவர்கள் அந்தச் செய்தியின் விளைவைச் சுமப்பவர்கள். பிரிட்ஜ்போர்ட் இல்லினாய்ஸ்–மிச்சிகன் கால்வாயோடு பிறந்த ஊர். 1836இல் தொடங்கி 1848இல் முடிந்த அந்தக் கால்வாயை வெட்ட வந்த அயர்லாந்துக் கூலிகள் அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். பிறகு இரும்பாலை வந்தது. 1865இல் தெற்கே மாபெரும் கால்நடைத் தொட்டிகள் திறக்கப்பட்டன. ஆலைச் சங்கு ஒலிக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி, வார்டு தேர்தல், இறந்தவர் வீட்டில் இரவு விழித்திருத்தல் ஆகியவற்றைச் சுற்றி அந்தத் தெருவின் வாழ்க்கை ஓடியது. டூலி அதை ‘ஆர்ச்சி ரோடு’ என்று தன் நாவில் வந்தபடி சொன்னார். சிகாகோ வாசகர்களுக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு திருப்பமும் பழக்கமாகிவிட்டது.

டூலி வந்த காலமும் முக்கியம். 1893இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. அதே ஆண்டு சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சி அக்டோபர் இறுதியில் முடிந்தது. கட்டட வேலைக்கும் பொருட்காட்சி வேலைக்கும் வந்தவர்கள் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் தெருவில் நின்றார்கள். ஆக, டூலியின் முதல் வாசகர்கள் சிரிக்கக் காரணம் இல்லாத ஒரு பனிக்காலத்தில்தான் அவரைப் படித்தார்கள்.

பத்தியின் அமைப்பு எளிமையானது. கடையில் டூலி செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வருவார். முதலில் வந்துகொண்டிருந்தவர் ஜான் மெக்கென்னா. இவர் உண்மையிலேயே சிகாகோவில் வாழ்ந்த, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அயர்லாந்துக்காரர். பின்னர் அந்த இடத்தை ஹென்னஸி என்ற கற்பனைப் பாத்திரம் பிடித்தது. ஹென்னஸி உடலுழைப்பாளி, நிறையப் பிள்ளைகளின் தகப்பன், அதிகம் பேசாதவர், நாளிதழ் சொல்வதை நம்புகிறவர். அவர் ஒரு வார்த்தை சொல்வார். டூலி அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார். பேச்சு உலக அரசியலில் தொடங்கும், சற்று நேரத்தில் அடுத்த சந்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கதைக்குள் நுழையும், ஒரு சிறு உரையாடலில் முடியும்.

இந்த அமைப்பில் ஹென்னஸியின் பங்கு பெரிது. பேசுபவரின் கூர்மை மட்டும் இருந்தால் பத்தி உபதேசமாகிவிடும். கேட்பவர் ஒருவர் எதிரில் இருப்பதால் டூலி தன் கருத்தை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. ஹென்னஸியின் அனுபவத்திலிருந்தே உதாரணம் எடுக்க வேண்டியிருக்கிறது. சில இடங்களில் ஹென்னஸியின் ஒற்றை வரி டூலியின் நீண்ட வாதத்தையே சாய்த்துவிடும். வாசகர் தன்னை டூலியாக எண்ணிக்கொள்ளலாம், ஹென்னஸியாகவும் எண்ணிக்கொள்ளலாம். இரண்டும் தனக்குள் இருப்பதை மெல்ல உணரவும் செய்யலாம். மனித இயல்பைப் பற்றிய எழுத்து வாசகரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் உண்மையைச் சொல்வதற்கு இது மிக நல்ல வழி.

டூலியின் வட்டார வழக்கும் அப்படியே ஒரு கருவியாக வேலை செய்தது. டன் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர், அயர்லாந்து உச்சரிப்பு அவருடைய சொந்தப் பேச்சு கிடையாது. எழுத்துக்கு எழுத்து உச்சரிப்பைப் பதிவுசெய்து எழுதுவது அவருக்குக் கடும் உழைப்பாக இருந்தது. ஆனாலும் அதை விடவில்லை. அன்றைய சிகாகோ நகர்மன்றத்தில் தெருக்கார் ஓட்டும் உரிமையும் எரிவாயு உரிமையும் ஏலம்போல விற்கப்பட்டன. சார்லஸ் யெர்கஸ் என்ற தெருக்கார் முதலாளி உறுப்பினர்களின் ஓட்டை விலைக்கு வாங்குவது ஊரறிந்த செய்தி. ஒரு நகர்மன்ற உறுப்பினரைத் திருடன் என்று தலையங்கத்தில் எழுதினால் வழக்கு வரும். அதையே ஒரு வேடிக்கையான அயர்லாந்து மதுக்கடைக்காரர் சொன்னால் யாரும் நீதிமன்றம் போக மாட்டார்கள். பிற்காலத்தில் டன்னே இந்தக் காரணத்தை விளக்கியிருக்கிறார். சிரிப்பு அங்கே கேடயமாக இருந்தது. அதன் மறைவில் நின்று அவர் பெயர் சொல்லியே தாக்கினார்.

வட்டார வழக்கு இன்னொன்றையும் செய்தது. அதுவரை அமெரிக்க மேடையிலும் கேலிச்சித்திரத்திலும் அயர்லாந்துக்காரர் என்றால் குடித்துவிட்டு உளறும் கோமாளி. அதே உச்சரிப்பில் ஒருவர் வரலாறும் அரசியலும் தத்துவமும் தெளிவாகப் பேசியபோது, யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ அவரோடு சேர்ந்து வாசகர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

டன்னின் எழுத்து எந்த உயரத்துக்குப் போகும் என்பதை 1894 ஆகஸ்ட் மாதப் பத்தி ஒன்றில் அருகிலிருந்து பார்க்கலாம். ரயில் படுக்கைப் பெட்டிகள் தயாரித்த ஜார்ஜ் புல்மன், சிகாகோவுக்குத் தெற்கே தன் பெயரிலேயே ஒரு தொழிலாளர் ஊரைக் கட்டியிருந்தார். வீடும் அவருடையது, கடைத்தெருவும் அவருடையது. பொருளாதார நெருக்கடியில் நிறுவனம் கூலியைச் சுமார் 25 விழுக்காடு குறைத்தது. வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் நிற்கவில்லை. மே மாதம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே சங்கம் அவர்களுக்கு ஆதரவாகப் புல்மன் பெட்டிகளைத் தொட மறுத்தது. குடியரசுத் தலைவர் கிளீவ்லண்ட் ஜூலையில் சிகாகோவுக்குப் படையை அனுப்பினார். வேலைநிறுத்தம் உடைந்தது. ஆகஸ்டில் இல்லினாய்ஸ் ஆளுநர் ஆல்ட்கெல்ட் அந்த ஊருக்கு நேரில் சென்று, குடும்பங்கள் பட்டினி கிடப்பதைக் கண்டு, உதவி கேட்டு வேண்டுகோள் விடுத்தார்.

அந்த வாரம் டூலி பேசியதில் சிரிப்பு மிகக் குறைவு. பசியில் கிடக்கும் பெண்களையும் குழந்தைகளையும் சொல்லிவிட்டு, இதைப் பற்றிப் புல்மனுக்கு என்ன கவலை என்ற கேள்வியைத் திரும்பத் திரும்ப வைக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியின் கனம் கூடுகிறது. கைப்பிரதியை டன் அச்சுக்கோப்புக்குக் கொடுத்துவிட்டு, சற்று நேரம் கழித்து அந்த அறைக்குள் நுழைந்தார். அச்சுக் கோப்பவர்கள் தங்கள் கையிலிருந்த கோப்புக்கட்டைகளால் எழுத்துப் பெட்டிகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். தன் வாழ்வில் தன்னை மிகவும் நெகிழவைத்த தருணங்களில் அதுவும் ஒன்று என்று டன் கருதினார். எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி அடுக்கும் தொழிலாளர்கள்தான் ஒரு பத்தியின் முதல் வாசகர்கள். அவர்கள் தினமும் எத்தனையோ கட்டுரைகளைக் கோத்தவர்கள். அவர்களிடமிருந்து வந்த பாராட்டைவிட உயர்ந்த சான்றிதழ் ஒரு பத்தி எழுத்தாளருக்கு இல்லை.

வறுமையைப் பற்றி எழுதும்போது டன் வறியவரின் மானத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. அக்காலச் சிகாகோவின் நிவாரணச் சங்கங்கள், உதவி கேட்பவர் தகுதியானவர்தானா என்று விசாரணை நடத்திய பிறகே கரியும் ரொட்டியும் கொடுத்தன. 1890களின் குளிர்காலப் பத்திகளில் டூலி இந்த முறையைக் கடுமையாகச் சாடினார். பசிக்கு முன்னால் கேள்வித்தாளை நீட்டுவது தருமம் ஆகாது என்பது அவர் வாதம். இதை அவர் கொள்கை விளக்கமாகச் சொல்லவில்லை. கதவைத் தட்டிவரும் விசாரணையாளரையும், உள்ளே பானை காலியாக இருந்தும் வாய் திறக்காத மனிதரையும் அக்கம்பக்கத்துக் கதைகளில் காட்டினார்.

இன்னொரு பக்கம், ஏழைத் தெருவின் பெருமிதங்களையும் போலித்தனங்களையும் அவர் மறைக்கவில்லை. டானஹ்யூ குடும்பத்தின் பியானோ பற்றிய 1895ஆம் ஆண்டுப் பத்தி இதற்கு நல்ல உதாரணம். ஆலையில் உழைத்துச் சற்று நிமிர்ந்த ஒரு குடும்பம். மகள் மாலிக்காகக் கூடத்தில் பியானோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள். தாய்க்கு மகள் ஐரோப்பிய மேதைகளின் இசையை வாசித்து விருந்தினரை அசத்த வேண்டும். தகப்பனுக்கோ நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து சட்டையைத் தளர்த்திக்கொண்டு, பிறந்த மண்ணின் பழைய பாட்டு ஒன்றைக் கேட்க வேண்டும். குடியேறியவர்களின் அடுத்த தலைமுறை எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்ற பெரிய கேள்வி அந்தச் சிறு கூடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதில் யாரும் வில்லன் இல்லை. தாயின் ஆசையும் நியாயம், தகப்பனின் ஏக்கமும் நியாயம். நல்ல நகைச்சுவை இரு பக்கத்தின் நியாயத்தையும் அறிந்த இடத்தில் பிறக்கிறது என்பதற்கு இந்தப் பத்தி சாட்சி.

டூலி நாடறிந்தவர் ஆனது அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த போரினால். 1898 மே 1ஆம் நாள் மணிலா விரிகுடாவில் தளபதி ஜார்ஜ் டூயி ஸ்பெயினின் கப்பற்படையை அழித்தார். கடலடித் தந்தி துண்டிக்கப்பட்டிருந்ததால் சில நாள் உறுதியான தகவல் இல்லை. நாடே காத்திருந்த அந்த இடைவெளியில், டூயி தன் உறவுக்காரர்தான் என்று டூலி, அப்போது டன் எழுதிவந்த ‘சிகாகோ ஜர்னல்’ இதழில் உரிமை கொண்டாடினார். பல ஊர்ப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. அதே ஆண்டு முதல் தொகுப்பு நூல் வந்தது. 1919க்குள் எட்டுத் தொகுதிகள் வெளியாகின.

போரை வைத்துப் புகழ் பெற்றவர் போர் வெறிக்கு ஒத்தூதவில்லை. பிலிப்பைன்ஸை அமெரிக்கா எடுத்துக்கொள்ள வேண்டுமா என்ற விவாதத்தில், ஹென்னஸி எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார். ஆனால் அந்தத் தீவுகள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. நாட்டில் பெரும்பாலோர் அந்த நிலையில்தான் இருந்தார்கள். தெரியாத மண்ணை ஆளத் துடிக்கும் ஆசையை ஒரு கூலித்தொழிலாளியின் வெகுளியான உற்சாகத்தில் டன் காட்டினார். படித்தவர்கள் தங்கள் முகத்தை அதில் கண்டுகொண்டார்கள். 1901இல் உச்ச நீதிமன்றம் புதிதாகக் கைப்பற்றிய தீவுகளுக்கு அரசியல் சட்டம் முழுமையாகப் பொருந்தாது என்ற போக்கில் தீர்ப்பளித்தபோது, நீதிபதிகளும் தேர்தல் முடிவுகளைக் கவனித்தே நடக்கிறார்கள் என்ற பொருளில் டூலி சொன்ன கருத்தை அமெரிக்கச் சட்ட உலகம் இன்றுவரை எடுத்தாள்கிறது.

அதிகாரத்தில் இருந்தவர்கள் டூலியை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதும் பார்க்கத்தக்கது. 1899இல் தியோடர் ரூஸ்வெல்ட் கியூபா போரில் தன் படைப்பிரிவின் அனுபவத்தை நூலாக எழுதினார். அதற்கு டூலி ஒரு மதிப்புரை சொன்னார். போர் முழுவதையும் ரூஸ்வெல்ட் ஒருவரே நடத்திமுடித்ததுபோல நூல் இருப்பதால், ‘கியூபாவில் தனியாக’ என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்திருக்கலாம் என்றார். நாடே சிரித்தது. அப்போது நியூயார்க் ஆளுநராக இருந்த ரூஸ்வெல்ட் கோபப்படவில்லை. தன் குடும்பத்தாரும் நண்பர்களும் மதிப்புரையை ரசித்ததாக டன்னுக்குக் கடிதம் எழுதி, சந்திக்க விரும்புவதாகவும் சொன்னார். பின்னொரு நாள் இளம்பெண் ஒருத்தி ரூஸ்வெல்ட்டிடம் அவர் நூல்கள் எல்லாவற்றையும் படித்திருப்பதாகவும், தனக்கு மிகவும் பிடித்தது கியூபாவில் தனியாக இருந்ததைப் பற்றிய நூல்தான் என்றும் சொன்னாள். இதை டன்னிடம் சொன்னவரும் ரூஸ்வெல்ட்தான்.

இந்த நிகழ்ச்சியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரூஸ்வெல்ட்டும் டன்னும் நண்பர்கள் ஆனார்கள். கேலிக்கு ஆளானவர் கேலியைப் பாராட்டிக் கைகுலுக்கும்போது அதன் முனை மழுங்கத் தொடங்குகிறது. புல்மனைப் பற்றிய பத்தியை எந்த முதலாளியும் விருந்து மேசையில் சிரித்துப் படித்திருக்க முடியாது. அதிகாரம் ரசிக்கும் நகைச்சுவையும் அதிகாரத்துக்கு உறைக்கும் நகைச்சுவையும் வேறு வேறு. இரண்டையும் எழுதத் தெரிந்த டன், பிற்காலத்தில் முதல் வகையையே அதிகம் எழுதினார்.

டூலியின் வாசகங்களில் உலகம் முழுதும் பரவியது ஒன்று. துன்பத்தில் இருப்பவருக்கு ஆறுதல் தருவதும் சுகத்தில் மிதப்பவரை உறுத்துவதும் செய்தித்தாளின் கடமை என்று பத்திரிகை அலுவலகங்களில் கொள்கை வாசகமாக மாட்டப்படும் கருத்து அது. மூலம் 1902இல் வெளியான தொகுப்பில் இருக்கிறது. அங்கே டூலி செய்தித்தாளைப் புகழவில்லை. காவல்துறையை நடத்துவது, வங்கியை நடத்துவது, கல்யாணம் செய்துவைப்பது, செத்தவரைப் புதைப்பது, புதைத்த பிறகும் அவரை வாட்டுவது என்று எல்லா வேலையையும் செய்தித்தாளே தன் தலையில் போட்டுக்கொள்வதைக் குறை சொல்லும் பட்டியலின் நடுவில் அது வருகிறது. தனிமனிதர் வாழ்க்கைக்குள் பத்திரிகைகள் புகுவதைக் கண்டித்த வரி, பத்திரிகைகளின் பெருமைக்குரிய விருதாக மாறிவிட்டது.

பத்தி எழுத வருவோர் இதைக் கவனிக்க வேண்டும். பொன்மொழி எளிதில் பயணிக்கும், போகும் வழியில் பொருளும் மாறும். டன் பொன்மொழிகளைத் தனியாக எழுதிக் கோக்கவில்லை. அவை கதையின் முடிவில், ஒரு மனிதரின் வாயில், ஒரு சூழ்நிலையின் அழுத்தத்தில் பிறந்தவை. கதையைக் கழற்றிவிட்டு வரியை மட்டும் எடுத்தால் அது யாருக்கும் எதற்கும் பயன்படும். சமூகத்தைப் பற்றி அழகாக ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் இன்றைய இளம் எழுத்தாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த வரியைப் பெற்றெடுத்த நிகழ்ச்சி பத்திக்குள் இல்லையென்றால், அதன் பொருளைக் காக்க ஆள் இல்லை.

1900இல் டன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’, ‘கோலியர்ஸ்’ போன்ற இதழ்களில் டூலி தொடர்ந்து பேசினார். 1906இல் ஐடா டார்பெல், லிங்கன் ஸ்டெஃபன்ஸ், ரே ஸ்டானர்ட் பேக்கர் ஆகிய புகழ்பெற்ற புலனாய்வு எழுத்தாளர்களோடு ‘அமெரிக்கன் மேகசின்’ இதழில் டன்னும் இணைந்தார். வாசகர்கள் நாடு முழுதும் இருந்தார்கள். ஆனால் நாடு முழுதுக்கும் எழுதும்போது ஆர்ச்சி ரோட்டின் குடும்பங்களுக்கு இடம் குறைந்தது. டானஹ்யூ வீட்டுக் கூடத்தின் இடத்தில் குடியரசுத் தலைவரின் மாளிகை வந்தது. கூர்மை போகவில்லை, கதகதப்பு போயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் டன் அதிகம் எழுதவில்லை. 1927இல் செல்வந்தரான நண்பர் பெய்ன் விட்னி தன் உயிலில் ஐந்து லட்சம் டாலரை அவருக்கு விட்டுச்சென்றார். எழுதியே ஆக வேண்டிய தேவையும் அத்தோடு தீர்ந்தது. 1936இல் டன் மறைந்தார்.

சிகாகோ காலத்துத் தெருச் சித்திரங்களில் பெரும்பகுதி டன் வாழ்நாளில் வந்த தொகுப்புகளில் சேரவில்லை. தேசிய வாசகருக்கு அவை புரியாது என்று கருதப்பட்டது. பழைய நாளிதழ்களில் கிடந்த அவற்றைத் தேடி எடுத்துத் தொகுத்தவர் சார்லஸ் ஃபானிங். அவருடைய தொகுப்பு 1976இல் வெளிவந்தது. வரலாற்றாசிரியர்கள் இன்று டன்னின் மிகச் சிறந்த எழுத்தாக மதிப்பது பெரும்பாலும் இந்தச் சித்திரங்களைத்தான். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று எழுதிய அரசியல் பத்திகள் பலவற்றைப் புரிந்துகொள்ள இன்று அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. ஒரு தெருவுக்காக எழுதிய பியானோ பத்திக்கு எந்தக் குறிப்பும் தேவைப்படவில்லை.

டன்னின் குறைகளையும் சொல்ல வேண்டும். அவர் காலத்து இன இழிசொற்கள் டூலியின் வாயிலும் வருகின்றன. கறுப்பின மக்களையும் சீனரையும் பற்றிய இடங்கள் சில இன்று படிக்க வேதனை தருகின்றன. மாலி டானஹ்யூ சைக்கிள் ஓட்டவும் வாக்குரிமை கேட்கவும் விரும்பும்போது, பத்தியின் கேலி பெரும்பாலும் அவள் மேல்தான் விழுகிறது. தன் தெருவை அறிந்த அளவுக்கு அடுத்த தெருவை டன் அறிந்திருக்கவில்லை. அறிவு எங்கே நின்றதோ அங்கே நகைச்சுவையும் வழக்கமான கேலியாகச் சரிந்தது. நேரில் அறியாத மக்களைப் பற்றிச் சிரிக்கவைக்க முயலும் ஒவ்வொரு பத்திக்கும் இந்த ஆபத்து காத்திருக்கிறது.

டூலியின் வழி டன்னோடு முடியவில்லை. 1943இல் ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பின மக்களின் இதழில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ஒரு பாத்திரத்தைப் பேசவைத்தார். ஜெஸ் பி. செம்பிள் என்ற அந்த உழைப்பாளி நியூயார்க்கின் ஹார்லம் பகுதி மதுக்கடையில் உட்கார்ந்து, படித்த நண்பர் ஒருவரிடம் இனவெறியையும் வாடகையையும் மனைவியையும் பற்றிப் பேசுவார். டூலியின் பேச்சில் கோமாளிகளாக வந்துபோன மக்கள் இங்கே சொந்தக் குரலில் பேசினார்கள். 1960கள் முதல் ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ இதழில் எழுதிய மைக் ராய்கோ, ஸ்லாட்ஸ் க்ரோப்னிக் என்ற கற்பனை நண்பரை உருவாக்கினார். ராய்கோ மதுக்கடை நடத்திய குடும்பத்தில் வளர்ந்தவர், நகராட்சி அரசியலை உள்ளங்கைபோல அறிந்தவர். அவருக்கு 1972இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மூவருக்கும் பொதுவாக இருப்பது ஊரும் பாத்திரமும் கேட்பவரும்.

தமிழிலும் இந்த முறைக்கு முன்னோடி உண்டு. ‘சுதேசமித்திரன்’ இதழில் பாரதியார் எழுதிய ‘தராசு’ பகுதியில் ஒரு தராசு பேசும். வெவ்வேறு மனிதர்கள் கேள்வியோடு கடைக்கு வருவார்கள், தராசு எடைபோட்டுப் பதில் சொல்லும். ஒரு இடம், ஒரு குரல், வந்துபோகும் மக்கள் என்ற அமைப்பு தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று.

டூலியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை இப்படித் தொகுக்கலாம். நையாண்டிக்கு முன் செய்தி சேகரிக்க வேண்டும், சரிபார்க்காத தகவலின் மேல் கட்டிய சிரிப்பு அடுத்த நாளே இடியும். பேசுபவரை எந்த அளவுக்கு உருவாக்குகிறோமோ அதே அளவுக்குக் கேட்பவரையும் உருவாக்க வேண்டும். சிரிப்பின் முனை எப்போதும் மேல்நோக்கி இருக்க வேண்டும், கீழே இருப்பவரின் பலவீனத்தைச் சொல்லும்போது அவருடைய நியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழகான வரி வந்தால் அதற்குரிய நிகழ்ச்சியோடு சேர்த்தே அச்சுக்குத் தர வேண்டும். பெரியவர்கள் பாராட்டத் தொடங்கும் நாளில், கடைசியாக எந்தத் தெருவுக்குப் போய்வந்தோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்கும் பிறவி மேதைமை தேவையில்லை. நடக்கக் கால்களும் கேட்கக் காதும் ஒரு பகுதியோடு நீண்ட காலம் உறவாடும் பொறுமையும் போதும். தமிழ் நாளிதழ்களின் எல்லைக்குள் எத்தனையோ மீன்சந்தைகளும் நெசவுத் தெருக்களும் பேருந்து நிலையங்களும் பட்டாசு ஊர்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் டன் பிரிட்ஜ்போர்ட்டை அறிந்ததுபோல அறிந்து, அங்கிருந்து வாரந்தோறும் எழுதுவது இளைய தலைமுறைப் பத்தி எழுத்தாளர்களின் கடமை. மனித இயல்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைக்கும்.